வாசகர் கேள்வி பதில்: மலையில் படுக்க எதை விரிப்பது?

மழை விட்டு வானம் தெளிந்த தை, மாசி மாதங்களில் மலைக்குப் போய் வந்த வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். கூடாரம், சப்பாத்து, மழையங்கி ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளே அதிகமாக வரும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் பெரும்பாலான கடிதங்கள் தரையில் எதை விரித்துப் படுப்பது என்ற ஒரே விடயத்தையே சுற்றி வந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுமையாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களின் கருத்து மாறாமல் அவற்றைச் சுருக்கித் தந்துள்ளோம்.

கேள்வி: ஐயா, கடந்த ஜனவரியில் நண்பர்கள் நால்வருடன் அனுமதி பெற்று ஹோர்ட்டன் சமவெளியில் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்கினேன். ஐந்து பாகைக் குளிர் வரை தாங்கும் என்று எழுதப்பட்டிருந்த உறக்கப் பையொன்றை நல்ல விலை கொடுத்து வாங்கிச் சென்றிருந்தேன். ஆயினும் நள்ளிரவுக்குப் பின் முதுகும் இடுப்பும் விறைத்துப்போய் விடியும்வரை நித்திரை வரவில்லை. பழைய கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நுரைப்பாயின் மேல் படுத்த நண்பர் நன்றாக உறங்கினார். நான் வாங்கிய பை போலியானதா?
– ஆசிரியர், பண்டாரவளை

பதில்: பை போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எதன் மேல் படுத்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. கூடாரத்தின் அடித்துணி மட்டுமே உங்களுக்கும் மண்ணுக்கும் இடையில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உறக்கப் பைக்குள் இருக்கும் பஞ்சோ இறகோ தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுத்தான் உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. உங்களுக்கு மேலே இருக்கும் பகுதி உப்பி நிற்பதால் அந்த வேலையைச் சரியாகச் செய்யும். கீழே இருக்கும் பகுதியோ உங்கள் எடையால் நசுங்கி, காற்றெல்லாம் வெளியேறி, இரண்டு துணிகளின் தடிப்புக்கு வந்துவிடும். அதன் பிறகு முதுகின் வெப்பம் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. உங்கள் ஓர் உடலின் சூட்டால் மலைமண் சூடேறப் போவதில்லை. அதுவும் மழைக்குப் பிந்திய ஈரமண் என்றால், உலர்ந்த மண்ணைக் காட்டிலும் விரைவாக வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

பையில் அச்சிடப்பட்டிருக்கும் வெப்பநிலை எண் எப்படிப் பெறப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆய்வுகூடத்தில் மனித உருவம் கொண்ட, சூடேற்றப்பட்ட பொம்மையொன்றைப் பைக்குள் கிடத்தி, அதன் கீழே வெப்பம் தடுக்கும் பாயொன்றையும் விரித்து வைத்தே அளக்கிறார்கள். வெறுந்தரையில் படுப்பவருக்கு அந்த எண் செல்லாது. உங்கள் நண்பரின் கம்பளி உங்கள் பையைவிடச் சிறந்தது என்று கொள்ளவேண்டாம். அவரைக் காப்பாற்றியது கீழே கிடந்த நுரைப்பாய்.

படுக்கைப் பாய் ஒன்று எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்பதை ஆர்-பெறுமானம் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக்கூடத் தடையும் கூடும். முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து வந்ததால், ஒரு நிறுவனத்தின் 3 இன்னொன்றின் 3 ஆக இருக்கவில்லை. 2018 இல், பொருட்களைப் பரிசோதிக்கும் முறைகளுக்குத் தரங்களை வகுக்கும் ஏஎஸ்ரிஎம் அமைப்பு எஃப் 3340 என்ற பொதுவான பரிசோதனை முறையை வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் 2020 முதல் அதைப் பின்பற்றத் தொடங்கின. பாயைச் சூடான தகட்டுக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் நடுவில் வைத்து, மேல் தகட்டின் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று பார்ப்பதே அந்தப் பரிசோதனை. கடையில் கேட்கும்போது எண்ணை மட்டும் கேட்காமல், அது இந்த முறைப்படி அளந்த எண்ணா என்றும் கேளுங்கள்.

எண்ணின் பொருளை ஒரு கணக்கின் மூலம் சொல்கிறேன். ஆர்-பெறுமானம் 1 உள்ள பாயில், ஒரு சதுர மீற்றர் பரப்புக்கு, இரு பக்கமும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால் ஏறத்தாழ 5.7 வாற்று வெப்பம் கடந்து போகும். மல்லாந்து படுப்பவரின் உடல் அரைச் சதுர மீற்றர் அளவில் பாயைத் தொடுகிறது என்றும், தோல் 33 பாகை, மண் 10 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஆர் 1 பாயின் வழியே 65 வாற்று அளவில் வெப்பம் போய்விடும். ஆர் 2 என்றால் 33 வாற்று, ஆர் 4 என்றால் 16 வாற்று. உறங்கும் மனித உடல் உண்டாக்கும் வெப்பமே மொத்தமாக 70, 80 வாற்றுத்தான். உடுத்திருக்கும் துணியும் நசுங்கிய பையும் இந்த இழப்பைச் சற்றுக் குறைக்கும் என்றாலும், வெறுந்தரையில் நீங்கள் ஏன் நடுங்கினீர்கள் என்பது இந்த எண்களிலிருந்தே விளங்கும்.

எங்கள் லயத்து வீட்டில் தரை சீமெந்து. தை மாதக் குளிரில் அம்மாயி எங்களைப் படுக்க வைக்கும்போது, முதலில் சாக்கை விரித்து, அதன் மேல் பாயைப் போட்டு, இருக்கும் இரண்டு கம்பளிகளில் தடித்ததை மடித்துக் கீழே போட்டுவிட்டு, மெல்லியதையே எங்களுக்குப் போர்த்துவார். நல்ல கம்பளியை ஏன் கீழே போடுகிறார் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. மேலே சொன்ன கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை இது: ஹோர்ட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேல் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி படியும். அங்கே ஆர் 3 க்குக் குறையாத பாய் வேண்டும், குளிர் தாங்காத உடம்பென்றால் 4 வேண்டும். கையில் இருக்கும் பையை மாற்றவேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தாழ்ந்த குழிவுகளில் வந்து தேங்கும். உறைபனியும் அங்கேதான் முதலில் விழும். அனுமதிக்கப்பட்ட இடத்துக்குள்ளேயே நாலைந்து மீற்றர் உயரமான பகுதி இருக்குமானால் கூடாரத்தை அங்கே அடியுங்கள்.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவன். பெக்கோ பாதையில் சில கட்டங்கள் நடக்கவும், பின்னர் நக்கிள்ஸ் மலைத்தொடரில் கூடாரமிட்டுத் தங்கவும் விரும்புகிறேன். கடையில் மடிக்கும் நுரைப்பாய், தானே ஊதிக்கொள்ளும் பாய், நாம் ஊதும் காற்றுப்பாய் என்று மூன்று வகை காட்டினார்கள். ஒன்றைத்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?
– மாணவர், தலவாக்கலை

பதில்: தம்பி, முதலில் பெக்கோ பாதையைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் அந்தப் பாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு கட்டம் என்று நடப்பவர்கள் பெரும்பாலும் ஊரிலோ தோட்டத்து விடுதியிலோ இரவைக் கழிக்கிறார்கள். அதற்கென்று பாய் சுமக்கத் தேவையில்லை. உங்கள் கேள்வி உண்மையில் நக்கிள்ஸ் பற்றியது.

நுரைப்பாய் மூடிய குமிழ்களால் ஆனது. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் காற்று தனித்தனியே அடைபட்டிருப்பதால் தண்ணீர் உள்ளே புகாது. மழையில் நனைந்தாலும் உதறித் துடைத்துவிட்டுப் படுக்கலாம். முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது. மடிக்கும் வகையில் நன்கு அறியப்பட்ட தெர்மரெஸ்ட் சீ லைட் சோல் பாயை எடுத்துக்கொண்டால், அது 183 சென்ரிமீற்றர் நீளமும் 51 சென்ரிமீற்றர் அகலமும் 2 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்டது, நிறை 410 கிராம், ஆர்-பெறுமானம் 2. விலை குறைந்த நுரைப்பாய்கள் பெரும்பாலும் இதைவிடச் சற்று மெல்லியவை. குறை என்னவென்றால் இடத்தை அடைக்கும். முதுகுப்பைக்கு வெளியேதான் கட்ட வேண்டும். பக்கவாட்டில் படுப்பவருக்கு இடுப்பெலும்பு தரையை உணரும். சில ஆண்டுகளில் நுரை நசுங்கித் தட்டையாகும், அதோடு அதன் வெப்பத்தடையும் குறையும்.

தானே ஊதிக்கொள்ளும் பாய்க்குள் திறந்த குமிழ் நுரை இருக்கும். வால்வைத் திறந்ததும் நுரை விரிந்து காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சியாட்டல் நகரில், போயிங் நிறுவனத்தில் வேலை இழந்த பொறியியலாளர்களின் முயற்சியால் இது உருவானது. தோட்ட வேலையின்போது முழங்காலுக்குக் கீழே போட்டிருந்த நுரை மெத்தை காற்றை வெளிவிட்டதைக் கவனித்ததிலிருந்து அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். படுக்கச் சுகமானது, ஓட்டை விழுந்தாலும் உள்ளே நுரை இருப்பதால் அடியோடு தரையில் விடாது. ஆனால் நல்ல சூடு தருபவை ஒரு கிலோகிராமை நெருங்கும். வாகனத்தில் போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். உங்களைப் போல் சுமந்து ஏறுகிறவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

மூன்றாவதாகிய காற்றுப்பாயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏழெட்டு சென்ரிமீற்றர் தடிப்பு, அரைக் கிலோகிராமுக்குக் குறைந்த நிறை, தண்ணீர்ப் போத்தல் அளவுக்குச் சுருண்டுவிடும் தன்மை எல்லாம் பார்த்தவுடன் மனதைக் கவரும். ஆனால் தடிப்பு வேறு, சூடு வேறு. உள்ளே எந்தத் தடுப்பும் இல்லாத காற்றுப்பாயில், உடலுக்கு அருகே சூடான காற்றும் தரைக்கு அருகே குளிர்ந்த காற்றும் நாம் புரளும் ஒவ்வொரு தடவையும் கலந்து, வெப்பத்தைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கடற்கரையில் மிதக்க விடும் மெத்தையில் மலையில் படுத்தவர்கள் குளிரில் எழுந்து உட்கார்ந்ததற்கு இதுவே காரணம். நல்ல காற்றுப்பாய்களுக்குள் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான மென்படலங்களோ செயற்கைப் பஞ்சோ இருக்கும். அவற்றில் ஆர் 4 க்கு மேலும் கிடைக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். ஆகவே காற்றுப்பாயில் ஆர்-பெறுமானம் எழுதப்படவில்லை என்றால், அது குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நக்கிள்ஸில் எனக்கு நேர்ந்ததையும் எழுதவேண்டும். மானாப்புல் வெட்டிய இடத்தில் இருட்டிய பிறகு கூடாரம் அடித்தோம். புல்லின் அடிக்கட்டைகள் ஆணிபோல் நின்றதை நான் தடவிப் பார்க்கவில்லை. இரவு இரண்டு மணியளவில் என் காற்றுப்பாய் தட்டையாகிவிட்டது. மிச்ச இரவை மழையங்கியையும் முதுகுப்பையையும் கீழே போட்டு உட்கார்ந்தே கழித்தேன். எங்கள் பத்தனைப் புல்வெளிகளும் மானாக்காடுகளும் முட்செடிகளும் மெல்லிய நைலோனுக்கு உகந்தவை அல்ல. அன்றிலிருந்து நுரைப்பாய் இல்லாமல் நான் மலையேறியதில்லை.

ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நுரைப்பாயை வாங்குங்கள். நக்கிள்ஸின் உயர்ந்த சிகரமாகிய கொம்பானியாவே 1906 மீற்றர்தான். நீங்கள் தங்கக்கூடிய இடங்கள் அதைவிடத் தாழ்வானவை. அந்தக் குளிருக்கு ஆர் 2 உம் ஒரு நல்ல உறக்கப் பையும் போதும். பின்னர் கையில் பணம் சேர்ந்து, ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயரங்களுக்குப் போக விரும்பினால், மெல்லிய காற்றுப்பாயொன்றை வாங்கி நுரைப்பாயின் மேல் போடுங்கள். ஆர்-பெறுமானங்களைக் கூட்டிக்கொள்ளலாம்: கீழே 2, மேலே 2 என்றால் மொத்தம் 4. நுரைப்பாய் கீழே இருப்பதால் முள்ளும் மேலே வராது. முதலில் வாங்கிய எதுவும் வீணாகாமல் இருக்கும் வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றே.

பாயின் ஒரு பக்கம் வெள்ளிபோல் மின்னினால் அந்தப் பக்கத்தை உடலை நோக்கி மேலே வையுங்கள். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும்போது அந்தப் பூச்சால் பயன் இல்லை.

கேள்வி: என் மகள் பாடசாலையில் சாரணியர் படையில் இருக்கிறாள். இரண்டு இரவுப் பாசறைக்குப் போகப் பாய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்துச் சம்பளத்தில் கடைப்பாய் வாங்க வசதியில்லை. மற்றப் பிள்ளைகள் முன்னால் குறைந்துபோகவும் கூடாது. வீட்டில் இருப்பதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: அம்மா, முடியும், நன்றாகவே முடியும். மகள் குளிரில் வருந்தாமல் உறங்கக் கடைப்பாய் கட்டாயம் இல்லை.

கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். முதலில் ஈரம் ஏறாமல் தடுக்க ஏதாவது வேண்டும். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு பழையதாகக் கிடைத்தால் அது போதும். தடித்த பொலித்தீனும் சரிதான். ஆனால் இது ஈரத்தைத்தான் தடுக்கும், குளிரைத் தடுக்காது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி, படங்கு விரித்துவிட்டோம் என்று அதன் மேல் நேரே படுத்துவிடுகிறார்கள்.

அதன் மேல் காற்றை அடைத்து வைக்கும் பொருள் ஒன்று வேண்டும். கடைகளில் வெறுமனே கிடக்கும் பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் போட்டால், அலை அலையாக இருக்கும் அட்டையின் நடுவில் நிற்கும் காற்று நன்றாக வேலை செய்யும். நனையாமல் இருக்கும்வரைதான் அது உதவும் என்பதால் படங்கு அவசியம். சின்னப் பிள்ளைகள் விளையாடுவதற்காக ஒன்றோடொன்று பொருத்தும் நுரைச் சதுரங்கள் யார் வீட்டிலாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். அவையும் மூடிய குமிழ் நுரைதான், கடையில் விற்கும் படுக்கைப் பாய்க்கு நெருங்கிய உறவு. யோகாப் பாயும் உதவும், ஆனால் பெரும்பாலானவை மெல்லியவை, நிறையும் அதிகம்; ஒன்றை மட்டும் நம்பாமல் அதன் மேல் வேறொன்றையும் போடவேண்டும். ரிஜிபோம் தகடு மிக நன்றாகக் குளிரைத் தடுக்கும். பாடசாலை மண்டபத்துக்குள் படுப்பதென்றால் தாராளமாகக் கொடுத்தனுப்பலாம். வெளியில், அதுவும் காட்டோரத்தில் என்றால் வேண்டாம். அது நொறுங்கி, அந்த வெள்ளை மணிகள் புல்லுக்குள் சிதறினால் பொறுக்கி எடுக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பன் பாய், அதன் மேல் மடித்த கம்பளி. கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை முழுமையாக விட்டுவிடாது. பருத்திப் போர்வை ஈரமானால் அப்படியல்ல.

இருப்பது போதவில்லை என்றால், தோள் முதல் இடுப்பு வரையுள்ள பகுதிக்கு முன்னுரிமை கொடுங்கள். எடையும் சூடும் அதிகம் இறங்கும் இடம் அதுவே. கால்களுக்குக் கீழே வெறுமையான பையையும் மாற்றுடைகளையும் பரப்பிக்கொள்ளலாம். பழகிய மலையேறிகளில் பலர் நிறையைக் குறைப்பதற்காக விரும்பியே அரைப்பாயோடு போகிறார்கள், ஆகவே இதில் மகள் குறைந்துபோக ஒன்றுமில்லை. அட்டையை மடிக்கும் அளவில் வெட்டி, பழைய சேலைத் துணியால் உறை தைத்துக் கொடுத்தால் தூக்கிச் செல்லவும் வசதி, பார்வைக்கும் அழகு. பாசறைப் பொறுப்பாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் வெறுமனே பாய் என்று எழுதாமல், இப்படி வீட்டில் செய்துகொள்ளலாம் என்ற குறிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆண்டுதோறும் சிவனொளிபாதமலைக்குப் போகிறேன். வழியிலுள்ள மடத்தில் சிறிது நேரம் சாய்வேன். பேரப்பிள்ளைகள் தங்களோடு கூடாரத்துக்கும் வரச் சொல்கிறார்கள். வலப்பக்கமாகப் படுத்தால்தான் நித்திரை வரும். ஆனால் இடுப்பு வலிக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாய் சொல்லுங்கள்.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: ஐயா, இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேடினால் இரண்டுக்கும் பொருந்தாத ஒன்றே கிடைக்கும்.

சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். அங்கே நீங்கள் சில மணிநேரந்தான் சாய்கிறீர்கள், அதுவும் கூரையின் கீழ். உங்களுக்குக் குளிரைக் கொடுப்பது சீமெந்துத் தரை. அதற்கு அரையளவு நுரைப்பாய் போதும். முழுப்பாய் ஒன்றை வாங்கி நடுவில் வெட்டி, ஒரு பாதியை உடன் வருபவருக்குக் கொடுக்கலாம். உச்சியில் உதயம் பார்க்கக் காத்திருக்கும்போது ஈரப்படியில் போட்டு உட்காரவும் அது உதவும். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையான யாத்திரைக் காலத்தில் அதிகாலைக் காற்று எப்படி இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பேரப்பிள்ளைகளோடு போகும்போது வாகனம் கூடாரத்துக்கு அருகே வருமென்றால் நிறையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தானே ஊதிக்கொள்ளும் பாய்களில், தடிப்பு 7 சென்ரிமீற்றருக்குக் குறையாததாகவும், அகலம் 60 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதாகவும் பாருங்கள். வழக்கமான 51 சென்ரிமீற்றர் அகலத்தில் பக்கவாட்டில் படுத்து முழங்காலை மடக்கினால், முழங்கால் பாய்க்கு வெளியே போய்விடும். கடையிலேயே அதை விரிக்கச் சொல்லி, வலப்பக்கமாகப் படுத்து, வேறொருவரை உங்கள் இடுப்புக்குக் கீழே பாய்க்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு கையில் அழுத்துமானால் அந்தப் பாய் உங்களுக்குப் போதாது. கூச்சப்பட வேண்டாம், இரவு முழுவதும் படுக்கப் போகிறவர் நீங்கள். அங்கே ஐந்து நிமிடமல்ல, கால் மணிநேரமாவது படுத்திருந்து பாருங்கள்.

கல்போல் இறுக்கமாக ஊதுவது எல்லோரும் செய்யும் தவறு. முழுதாக ஊதிவிட்டுப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டே வால்வைச் சற்றுத் திறந்து, தோளும் இடுப்பும் மெல்ல அமிழ்ந்து, ஆனால் தரையைத் தொடாமல் நிற்கும் நிலையில் மூடுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் மடித்த துணியொன்றை வைத்தால் இடுப்புக்கு மேலும் ஆறுதல்.

மடக்குக் கட்டில் வாங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தரையிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் கட்டிலுக்குக் கீழே குளிர்காற்று ஓடுவதால், அதன் மேலும் ஒரு நுரைப்பாய் விரிக்கவேண்டும். தீராத இடுப்பு வலியைப் பாயால் தீர்க்க முயலாமல் வைத்தியரிடம் காட்டுங்கள், ஐயா.

கேள்வி: பாயைச் சுற்றி உப்புப் போட்டால் அட்டை ஏறாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, மடுல்சீமை

பதில்: பனியிலும் மழையிலும் உப்புக் கரைந்துவிடும், மண்ணுக்கும் செடிக்கும் அது நல்லதல்ல. வலையை முழுமையாக மூடக்கூடிய கூடாரமும், உள்ளே நுழையுமுன் காலையும் காலுறையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வதுமே வழி. டீட் என்ற பூச்சி விரட்டும் இரசாயனம் கலந்த தைலம் பூசிய கையோடு காற்றுப்பாயைத் தொடவேண்டாம். அது சில வகைப் பிளாஸ்ரிக்கையும் செயற்கைத் துணியையும் அரிக்கக்கூடியது.

கேள்வி: போன வருடம் வாங்கிய காற்றுப்பாய் மாலையில் இறுக்கமாக இருந்து நள்ளிரவில் தளர்ந்துவிடுகிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே கரும்புள்ளிகளும் தெரிகின்றன. எறிந்துவிடவா?
– வாசகர், நானுஓயா

பதில்: எறியவேண்டாம். ஓட்டையே இல்லாமலும் இப்படி நடக்கும். மாலை 28 பாகையில் ஊதிய காற்று இரவில் 10 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கும். வாயால் ஊதிய காற்று அதைவிடச் சூடானது, ஆகவே சுருக்கமும் கூடும். சூரியன் இறங்கிய பின், படுக்கப் போகுமுன் மறுபடியும் சிறிது ஊதிக்கொண்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். மறுபக்கம், ஊதிய பாயைப் பகல் வெயிலில் கிடத்தாதீர்கள். உள்ளே காற்று விரிந்து அறைகளைப் பிரிக்கும் ஒட்டுக்கள் விட்டுப்போனால், பாய் ஓரிடத்தில் பந்துபோல் வீங்கிவிடும். அதைத் திருத்த வழியில்லை.

அப்படியும் தளர்ந்தால் ஓட்டைதான். இறுக ஊதி, சவர்க்கார நீரைப் பஞ்சால் தொட்டுப் பகுதி பகுதியாகத் தடவுங்கள். குமிழி எழும் இடத்தைப் பேனையால் வட்டமிடுங்கள். வால்வைச் சுற்றியும், மடிப்பு விழும் இடங்களிலும் முதலில் பாருங்கள். காற்றை முழுதாக வெளியேற்றி, அந்த இடத்தை மதுசாரம் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தி, சில மணிநேரம் பாரம் ஏற்றி வையுங்கள். பாயோடு வந்த ஒட்டுத் துண்டுகளை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு மலைக்குப் போவதால் பயனில்லை. அவை முதுகுப்பையில் இருக்கவேண்டும்.

கரும்புள்ளி பூஞ்சணம். வாயால் ஊதும்போது மூச்சின் ஈரம் உள்ளே போய்த் தங்கிவிடுகிறது, நானுஓயாவின் ஈரக்காற்றில் அது காய்வதே இல்லை. ஏற்கெனவே பிடித்த புள்ளியை முழுதாகப் போக்க முடியாது, மேலும் பரவாமல் தடுக்கலாம். இனி வாயால் ஊதாதீர்கள். வால்வில் பொருத்தும் காற்றுப்பையொன்று பெரும்பாலும் பாயோடு வரும். இல்லையென்றால் தனியே வாங்கலாம். பயணம் முடிந்து வந்ததும் வால்வைத் திறந்தபடி நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் தொங்கவிடுங்கள். அதன் பிறகும் சுருட்டி உறைக்குள் இறுக்கி வைக்காமல், வால்வு திறந்திருக்க, கட்டிலுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ விரித்தபடி வைத்திருங்கள். தானே ஊதிக்கொள்ளும் பாய்க்கு இது இன்னும் முக்கியம். மாதக்கணக்கில் சுருண்டு கிடந்தால் அதன் நுரை விரியும் தன்மையை இழந்துவிடும். அடுத்த பயணத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன் ஊதி, ஓர் இரவு வீட்டுத் தரையிலேயே அதன் மேல் படுத்துப் பாருங்கள். காலையில் இடுப்பு சீமெந்தைத் தொட்டால், ஒட்டுப் போட இன்னும் ஒரு நாள் கையில் இருக்கும்.